தடயத்தைச் சாமிக்குக் கொடுத்துவிட்டாள்

"அத்தே, ஒருத்தர சந்தேகமா பாக்கறதுன்னா எப்பிடிப் பாக்கறது? கொஞ்சம் பாத்துக் காட்டேன்."

போன மாதம் ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டாள் கௌசல்யா. என் கையில் கரண்டி. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. திரும்பி அவளைப் பார்த்தேன்.

"ஆங்... இதான் அத்தே! அப்பிடியே இரு!" என்று செல்போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டு, தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் சாதாரணமாகத்தான் பார்த்தேன். இதை உங்களிடமாவது சொல்லிவைக்கிறேன்.

நகரியில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீடு முனிரத்தினத்தினுடையது. வீட்டை ஒட்டி ஆறு பவர்லூம். ஒரே மகள் கௌசல்யா. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். ஒரு காலத்தில் நாற்பது பாக்கெட் க்ரைம் நாவல்கள் எழுதிய பாவத்துக்கு, இந்தத் தெருவில் எனக்கு 'ரைட்டரக்கா' என்று பெயர். யார் வீட்டிலாவது செருப்பு காணாமல் போனாலும் என்னிடம்தான் வருவார்கள். இதுவரை ஒரு செருப்பைக்கூட நான் கண்டுபிடித்துக் கொடுத்ததில்லை.

சித்தூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குறும்படப் போட்டி. கௌசல்யா படம் எடுக்கப் போகிறாள். எடுக்கட்டுமே என்கிறீர்களா? அங்கேதான் முனிரத்தினம் ஒரு கண்டிஷன் போட்டார்.

"சினிமா எடுக்கறேன்னு போய் ஊரு சிரிக்கற மாதிரி ஆவக் கூடாது. சித்தூர்ல அத்தினி பேர் முன்னால போடு. ஒருத்தனும் சிரிக்காம பாத்தான்னா, நீ கேக்கற மாதிரி நம்மூரு காலேஜ்லயே சேத்து உடறேன். சிரிச்சாங்களா... பேச்சே கெடையாது. திருப்பதி ஹாஸ்டலு. எம்பிசி."

எங்கள் ஆந்திராவில் பத்தாவது முடித்ததும் ப்ளஸ் டூவுக்குப் பதில் காலேஜ்தான். எம்பிசி என்றால் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. அந்த மாதிரி ஹாஸ்டல்களை நான் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன் எழுப்பி விடுவார்கள். அதற்கப்புறம் படுக்கப்போகும்வரை எல்லாம் கணக்குதான். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். செல்போனில்தான் அந்தப் பெண் படமே எடுக்கிறது! ஆக, ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டால் கேமரா போச்சு.

சரி, யாரும் சிரிக்காத மாதிரி ஒரு அழுகைப் படம் எடுத்துத் தொலைக்கலாம் இல்லையா? இவள் எடுத்தது துப்பறியும் படம். அதுவும் எப்படி? பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் வருமே... மழையில் கோட்டு போட்டுக்கொண்டு, தொப்பியைச் சாய்த்துக்கொண்டு, உலகமே வெறுத்துப்போய் ஒருவன் நடப்பான். பாதி முகத்தில் இருட்டு. மனசுக்குள் பேசிக்கொண்டே இருப்பான். அந்த ஆளைக் கொண்டுவந்து ஹைஸ்கூலில் விடப் போகிறாளாம்.

"ஏன்டி, அவனுக்கு ஸ்கூல்ல இன்னா வேல?" என்றேன். எனக்கும் இந்த ஊர் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இன்னா அத்தே இப்பிடி கேக்கற? ஸ்கூல்ல யாராச்சும் உண்மை பேசி பாத்துகீறியா?"

நியாயமான கேள்வி.

ஹெட்மாஸ்டரிடம் பர்மிஷன் கேட்கப் போனபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கோடையில் எங்கள் பக்கம் காலையில் மட்டும்தான் பள்ளி. மத்தியானம் கட்டடமே காலி. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த நல்ல மனிதர். ஆனால் விரலை மடக்கினார். "மர்டர் வத்தம்மா. சிகரெட் வத்து. லவ்வு அசலு வத்து." கொலை, புகை, காதல் மூன்றும் கூடாது. டீச்சர்களைக் கெட்டவர்களாகக் காட்டக் கூடாது. நாலரை மணிக்கு மேல் இருக்கக் கூடாது.

கொலை இல்லாமல், இருட்டு இல்லாமல், பெண்ணிடம் மயங்காமல் ஒரு துப்பறிவாளன். இட்லி மாவு இல்லாமல் இட்லி சுடச் சொல்கிறார் மனிதர். "மரி க்ரைம் ஏன்டி சார்?" அப்படியானால் குற்றம்தான் என்ன என்று பரிதாபமாகக் கேட்டாள் கௌசல்யா. கொஞ்சம் யோசித்து, சின்னதாக ஒரு திருட்டு வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணினார்.

அப்படித்தான் ஸ்கூல் மணி காணாமல் போனது. பத்தாம் வகுப்பின் கடைசி நாள். மணியைக் காணோம். தொங்கிய கயிறு மட்டும் இருக்கிறது. அதில் சிக்கியிருக்கிறது ஒரே ஒரு நீளமான தலைமுடி. அதுதான் தடயம்.

துப்பறிவாளன், அவள் வகுப்புத் தோழன் தனஞ்செயன். நெற்றியில் ஒரு கற்றை முடி வந்து கண்ணை மறைக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அதை 'ஃபூ' என்று ஊதித் தள்ளுவான். அவனுடைய மொத்த நடிப்பும் அந்த 'ஃபூ'தான். குற்றவாளி, கிளாஸ் லீடர் ஸ்ராவணி. இடுப்புவரை பின்னல். கோட்டுக்கு முனிரத்தினம் வண்டியோட்டும்போது போட்டுக்கொள்ளும் மழைக்கோட்டு. ஏப்ரல் மாத நகரி வெயிலில், பொட்டு மேகம் கிடையாது, அதைப் போட்டுக்கொண்டு தனா கிரவுண்டைக் குறுக்கே கடப்பான். ஷாட் முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து கோட்டைக் கழற்றி அவனுக்கு விசிறுவார்கள். வாயில் சிகரெட்டுக்குப் பதில் சாக்பீஸ். பாருக்குப் பதில் பெட்டிக்கடை ரோஸ் மில்க்.

"இன்னொண்ணு."

"ஐஸ் போடவா தம்பி?"

"வேணாம். வாழ்க்கையே ஐஸ் இல்லாமத்தான் போய்க்கினு கீது."

எழுதியது கௌசல்யா. நான் இல்லை. எனக்கு நடிக்கத்தான் வேலை கொடுத்தார்கள். துப்பறிவாளனுக்கு ரகசியத் தகவல் தரும் ஆள் ஒருவர் வேண்டுமே? ஸ்கூலில் எல்லா ரகசியமும் யாருக்குத் தெரியும்? கேட்டுக்கு வெளியே மாங்காய்க் கீற்று விற்கிறவருக்கு! முக்காடு போட்டு, கூடையோடு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு ஒரே வசனம்: "எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. காரம் போடவா?" மூன்று டேக்குக்குள் நிஜமாகவே மாங்காய் விற்றுத் தீர்ந்துவிட்டது.

இருட்டுக்கு என்ன செய்தாள் தெரியுமா? கரன்ட் போன நேரமாகப் பார்த்து, அப்பாவின் தறிக் கொட்டகையில் விசாரணைக் காட்சியை வைத்தாள். லூம் ஓடினால் பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழாது. கரன்ட் போனால் நிசப்தம். ஜன்னல் வெயில், தறியில் இழுத்துக்கட்டிய பாவு நூல்கள் வழியாக விழுந்து, ஸ்ராவணி முகத்தில் கோடு கோடாய் நிழல். இதே ஜன்னலை ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்புறம் அந்த மனசுக்குள் பேச்சு. "இந்த ஸ்கூல்ல யாரும் யோக்கியம் இல்ல. நானும்தான். நேத்து ஹோம்வொர்க்க நான் காப்பி அடிச்சேன்." எங்கள் ஊர்ப் பிள்ளை என்பதால் யோசிப்பது தமிழில், ஸ்கூலில் விசாரிப்பது தெலுங்கில்.

முதலில் நானும் உள்ளுக்குள் சிரித்தவள்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன். யாரையும் நம்ப முடியாது, மேலே இருப்பவர்கள் காரணம் சொல்லாமல் தண்டிப்பார்கள், நேற்றுவரை கூடவே இருந்தவள் இன்றைக்கு மாட்டிவிடுவாள், தான் மட்டும்தான் இந்த உலகத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் என்று நினைப்பு. துப்பறிவாளனா, பத்தாம் கிளாஸா? கோட்டு ஒன்றுதான் வித்தியாசம்!

முக்கால் படம் முடிந்தது. கடைசிக் காட்சி பாக்கி. துப்பறிவாளன் அந்த நீள முடியை ஸ்ராவணி முன்னால் தூக்கிப் பிடித்து, "இது யாருடையது?" என்று கேட்க வேண்டும். அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை முனிரத்தினத்துக்குப் பாசம் பொங்கியது. "நல்ல காரியம் பாதில நிக்கும்போது மலைக்குப் போய்ட்டு வந்தா ஒரு தடங்கலும் வராது" என்று வேன் பிடித்து, நடித்த பிள்ளைகளை, பெற்றவர்களோடு சேர்த்து, திருமலைக்கு அள்ளிக்கொண்டு போனார். கௌசல்யா எடுத்தவரை வெட்டி ஒட்ட வேண்டும் என்று வீட்டில் தங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேன் வந்து நின்றது. நான் மாடியிலிருந்து பார்க்கிறேன். கதவு திறந்தது.

முதலில் ஒரு மொட்டை இறங்கியது. சந்தனம் பூசி, பளபளவென்று. முனிரத்தினம். அடுத்து ஒரு மொட்டை. அடுத்து ஒன்று. ரோஸ் மில்க் கடைக்காரனாக நடித்தவன். பிறகு தனஞ்செயன். பழக்கதோஷத்தில் நெற்றியை நோக்கி 'ஃபூ' என்று ஊதினான்... அங்கே ஒன்றும் இல்லை. கடைசியாக, வெட்கத்தோடு, ஸ்ராவணி. பின்னல் இல்லை. முடியே இல்லை.

கௌசல்யா வாசலுக்கு ஓடிவந்து ஒவ்வொரு தலையாக எண்ணினாள்.

"ரிசல்ட் வர்து இல்ல? எல்லாரும் பாஸாவட்டும்னு நான்தான் வேண்டிக்கினேன்" என்று லட்டை நீட்டினார் முனிரத்தினம்.

"நைனா! கன்டினியூட்டி போச்சே நைனா!"

"அது எங்கியும் போவாது. சாமி பாத்துக்கும். லட்டு துன்னு."

வேறு ஊரில் ஒரு டைரக்டருக்கு இந்தக் கஷ்டம் வருமா? எங்கள் ஊரில் தலைமுடியைத் தடயமாக வைத்துக் கதை எழுதினால் வரும். நாற்பது நாவல் எழுதிய நானாவது முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டாமா? கோபத்தில் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

படத்தை அனுப்ப இன்னும் இரண்டே நாள். விக் வைக்கலாம், தொப்பி போடலாம், துண்டு கட்டலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் லட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை மாடியேறி வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "அத்தே, கேளு" என்று துப்பறிவாளனின் மனசுக்குள் பேச்சைப் படித்தாள்.

"குற்றவாளி கெட்டிக்காரி. தடயத்தைச் சாமிக்குக் கொடுத்துவிட்டாள். மலை மேல எத்தினி பேர் முடி விழுது. அதுல இவ முடி எது? கேட்டா சாமிதான் சொல்லணும். சாமி காட்டிக் குடுக்காது. பின்தொடர்ந்து போன நானும், சந்தேகம் வராம இருக்க, உக்காந்து தல குனிஞ்சேன்."

இதைவிட உத்தமமான குற்றம் உண்டா? போலீஸ் நாய் வந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிடும். நாற்பது நாவலில் எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாகவே இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

சித்தூர் ஹால். முனிரத்தினம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். அந்தப் பக்கம் கௌசல்யா, துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு. மழைக்கோட்டு வந்தது. சிரிப்பில்லை. ரோஸ் மில்க் வந்தது. பின்னால் யாரோ கனைத்தார்கள். பாவு நூல் நிழல் வந்தபோது ஹால் கப்சிப். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "அந்த மாங்கா விக்கற அம்மா யாருக்கா? நல்லா நடிக்குது" என்று என்னிடமே கேட்டார் முனிரத்தினம்.

அப்புறம் திரையில் இரண்டு மொட்டைகள் எதிரெதிரே உட்கார்ந்தன. ஒரு மொட்டை நீளமான முடி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு மொட்டையிடம், "இது யாருடையது?" என்றது.

ஹால் வெடித்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். மேடையிலிருந்த ஜட்ஜ் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் படம் இன்னும் முடியவில்லை. ஸ்ராவணி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள். நான் படித்த ஸ்கிரிப்டில் இந்த வரி இல்லை. "கடைசி மணி அடிச்சா ஸ்கூல் முடிஞ்சிடும். முடிஞ்சா என்னை ஹாஸ்டல்ல கொண்டுபோய் உட்டுடுவாங்க. அதான் மணிய எடுத்து ஒளிச்சேன்."

சிரிப்பு நின்றது. முனிரத்தினம் மடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். ஹாலில் ஏசி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பரிசு அறிவித்தார்கள். கௌசல்யாவின் படத்துக்கும் ஒன்று உண்டு. என்ன பரிசு? சிறந்த நகைச்சுவைப் படம்! சிரித்தார்கள் என்பதற்குக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, சர்ட்டிபிகேட்டே கொடுத்துவிட்டார்கள். பாவிகள். வாங்கிக்கொண்டு வந்தவள் வேனில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வேன் புத்தூரைத் தாண்டியது.

"கௌசி" என்றார் முன்சீட்டிலிருந்து முனிரத்தினம். அவள் திரும்பவில்லை. "அவனுங்க உன் படத்தப் பாத்து சிரிக்கல. மொட்டையப் பாத்துதான் சிரிச்சானுங்க. மொட்ட அடிக்க இட்டுகினு போனது யாரு? நானு. தப்பு என்னுது."

"அதுக்கு?"

"அதுக்கு இன்னா... தப்பு பண்ணது நானு. நீ எதுக்கு ஹாஸ்டலுக்குப் போவணும்?"

நாற்பது நாவல் எழுதியிருக்கிறேன். குற்றவாளி தானே ஒப்புக்கொண்டு, முன்சீட்டில் உட்கார்ந்து மொட்டையைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தது இந்த ஒரு கேஸில்தான்.