எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளைப் பொட்டு

எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை வெயிலில் நடந்தது இது. அப்போது திருச்சுழியில் என் கணவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரு வயது முடிந்த எங்கள் மகளுக்குக் காது குத்தி, தாய்மாமன் சீராக என் தம்பி தங்கத் தோடு போட்டிருந்தான்.

ஒருநாள் காலை குளிப்பாட்டத் தூக்கினால், ஒரு காதில் தோட்டைக் காணோம். திருகாணி மட்டும் பாயில் கிடந்தது. பாயை உதறிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை ஓங்கரித்தாள். தோட்டை முழுங்கிவிட்டாள் என்று கூச்சல் போட்டேன். அவர் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தோம். வழியெல்லாம் அவள் அழுததுகூடப் பரவாயில்லை. அழுகை நின்றபோதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்து, ஈரம் காயாத பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வயித்துலதான் இருக்கு. மூச்சுக் குழாய்க்குப் போகல. தானா வந்துரும்மா."

அப்புறம்தான் பிலிமைச் சரியாகப் பார்த்தேன். கருப்புக்குள் என் மகளின் விலா எலும்புகள் புகை மாதிரி மங்கலாக இருந்தன. அதற்குக் கீழே, கண் கூசும் வெள்ளையில் ஒரு பொட்டு. எலும்பைவிட அது ஏன் இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டேன். தங்கம் அவ்வளவு கனமானது, கதிர் அதைத் தாண்டிப் போகாது என்றார். அதோடு நிறுத்தாமல், பிலிமைப் பார்த்தபடியே சொன்னார்:

"இம்புட்டு கனமானது பூமியில உண்டாகாதும்மா. பூமி பிறக்கிறதுக்கு முன்னாடி, எங்கயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சு அழிஞ்சப்ப உண்டானது. அதைத்தான் உங்க பிள்ளை முழுங்கியிருக்கு."

"பஜார்ல வாங்குனதுங்க சார்," என்றார் என் கணவர், பயந்துபோய்.

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தோடு வந்துவிட்டது. கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்கூடப் பதிக்காத சாதாரணத் தோடு. அதன் வயதை நினைக்க நினைக்கத் தலை சுற்றியது.

சில வருஷங்களுக்கு முன் பேப்பரில் படித்தேன். நியூட்ரான் நட்சத்திரங்கள் இரண்டு மோதியதில் எழுந்த வெளிச்சத்தை விஞ்ஞானிகள் பார்த்தார்களாம். முதலில் நீலமாக இருந்து, சில நாளில் சிவந்து மங்கியதாம். தங்கம் மாதிரியான கனமான பொருள்கள் அப்படிப்பட்ட மோதலிலும் உண்டாகின்றனவாம். வெடித்ததோ, மோதியதோ, எனக்குத் தெரியாது. மனிதன் என்று ஒருவன் இல்லாத காலத்தில் எங்கோ நடந்த ஒன்று, ஒரு பகல் ஓர் இரவு என் பிள்ளையின் சின்ன வயிற்றுக்குள் தங்கிப் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கிறது.