சிவலைச் சோடிக்காரர் செத்த நாள்

என் கலியாணப் பேச்சு நடந்த அன்று ஐயா தன்னைத்தானே சாகடித்தார். கோப்பித் தட்டத்தை ஏந்திக்கொண்டு அதைக் கேட்டு நின்றவள் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

ஐயா, என் தகப்பன், உரும்பிராயில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் மாட்டுவண்டிச் சவாரியில் பேர்போனவர். சவாரிக்காரரை அவர்களுடைய பேரைச் சொல்லி யாரும் அறிவதில்லை, மாட்டைச் சொல்லித்தான் அறிவார்கள். ஐயாவிடம் இருந்தவை இரண்டு சிவலை நாம்பன்கள், செம்மண் நிறக் காளைகள். அதனால் குடாநாடு முழுவதும் அவர் 'உரும்பிராய்ச் சிவலைச் சோடிக்காரர்'. தலைப்பாகையும் புழுதியுமாக வண்டிலில் வருகிற மனிதரின் முகத்தை யார் பார்த்தார்கள்? மாட்டைப் பார்க்கவே கண் போதாது.

பிறகு ஒரு மாடு நோயில் விழுந்தது. மற்றதை விற்றார். அதோடு சவாரியும் நின்றது. மிச்சமாக இருந்தவை கூரையில் செருகியிருந்த, மாடு விரட்டும் துவரங்கம்பும், கயிறு இழுத்து இழுத்துக் கோணிப்போன அவருடைய வலக்கைச் சுட்டுவிரலும்தான்.

எனக்கு வடமராட்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர். தகப்பனார் பென்சன் எடுத்த வாத்தியார், ஆசாரமான சைவக் குடும்பம். அம்மாவின் தமையன், எங்கள் அம்மான், பேச்சை முன்னின்று நடத்தினார். ஊரில் விசாரிக்க வந்தவர்களுக்கும் அவரே குறுக்கே விழுந்து பதில் சொல்லி அனுப்பினார். அவர்கள் வருவதற்கு முதல்நாள் ஐயாவை இருத்தி வைத்துக்கொண்டு சொன்னார்:

"மச்சான், சவாரிக் கதை ஒண்டும் எடுக்காதேங்கோ. சவாரிக்காரன் எண்டால் கள்ளுக்குடியன், சண்டைக்காரன் எண்டுதான் நினைப்பினம். வாய் தவறியும் வரக்கூடாது."

ஐயா கள்ளை வாயில் வைத்ததே இல்லை. அதைச் சொல்லுவார் என்று பார்த்தேன். "சரி, பிள்ளைக்கு நல்லதெண்டால் சரி," என்றுவிட்டு எழும்பிப் போனார். அம்மான் துவரங்கம்பைக் கூரையிலிருந்து உருவிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டிலுக்குள் ஒளித்தார். எனக்கு அப்போது பெரிய நிம்மதி. மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, சவாரித் திடலில் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டத்தோடு என் தகப்பனைச் சேர்த்துப் பார்க்கவே கூச்சம்.

அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டார் தரகரோடு வந்தார்கள். விறாந்தையில் சால்வையைப் போர்த்துக்கொண்டு, கோணல் விரல் தெரியாமல் கையை உள்ளே வைத்து ஐயா இருந்தார். சாதகப் பொருத்தமெல்லாம் பேசி முடிந்தது. கதை மெல்ல விளையாட்டுப் பக்கம் திரும்பியது. அதுதான் வாத்தியாருக்கு உயிர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்தக் காலத்தில் ஆர் பெரிய ஆள் என்று தொடங்கினார். அம்மான் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் துடுப்பாட்டக்காரரைச் சொன்னார். தரகர் கொழும்புத்துறைப் பக்கத்துப் பந்தடிக்காரர் ஒருவரைத் தூக்கிப் பிடித்தார். வாத்தியார் இரண்டு பேரையும் கையால் விலத்தினார்.

"உவையெல்லாம் பிறகு. நான் கண்ட ஆக்களுக்குள்ளை பெரியவர் உங்கடை ஊர் ஆள்தான். சிவலைச் சோடிக்காரர். ஓடிக்கொண்டிருக்கேக்கை ஒருபக்க மாட்டுக்கு மூக்கிலை பூட்டின நாணயக்கயிறு அறுந்து போச்சு. மனுசன் ஏர்க்காலாலை நடந்து போய், நுகத்திலை நிண்டு, மாட்டின்ரை கொம்பைப் பிடிச்சுக்கொண்டு ஓட்டி வெண்டவர். நான் பனை வடலிக்குள்ளை ஒளிச்சு நிண்டு பாத்தனான். வாத்தியார் சவாரி பாக்கிறார் எண்டால் ஊர் சிரிக்குமெல்லோ. அண்டைக்கே ஓடிப்போய் அந்தக் கையைப் பிடிச்சிருக்க வேணும். வெக்கத்திலை விட்டிட்டன்."

குசினிக் கதவுக்குப் பின்னால் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கள்ளுக்குடியன் என்று நினைப்பார்கள் என்று அஞ்சிய இடத்தில் மனிதர் கும்பிடாத குறையாக இருக்கிறார். இப்போது ஐயா சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். கோப்பித் தட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"நீங்கள் சவாரிக்குப் போறனீங்களோ?" என்று வாத்தியார் ஐயாவைக் கேட்டார்.

ஐயா அம்மானைப் பார்த்தார். அம்மான் கண்ணை உருட்டினார்.

"எனக்கு உதுகளிலை பழக்கமில்லை," என்றார் ஐயா.

"ஆளைத் தெரிஞ்சிருக்குமே? வீடு எங்கை? போற வழியிலை ஒருக்கால் பாத்திட்டுப் போவம்."

ஐயா கோணல் விரலைச் சால்வைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். தூர ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் சொல்லியிருக்கலாம்.

"அவர் செத்துப் போனார்," என்றார்.

கலியாணப் பேச்சு நடக்கும் இடத்தில் சாவுச் சொல். அம்மானுக்கு முகம் வெளிறியது. கதவிடுக்கில் அம்மா தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். நான் தட்டத்தை நீட்டியபடி நின்றேன். வாத்தியார் கோப்பியை எடுக்க மறந்து, "அடக் கடவுளே, எனக்குத் தெரியாமல் போச்சே," என்று கண் கலங்கினார். "பெண்சாதி பிள்ளையள்?" என்றும் கேட்டார்.

"ஒரு பிள்ளை. நல்லாய் இருக்கிறாள்," என்றார் ஐயா. என் பக்கம் திரும்பவே இல்லை.

சம்பந்தம் பொருந்திவிட்டது. சவாரிக்காரர் ஒருவரையும் அழைக்காமல் கலியாணமும் சிறப்பாக நடந்தது. வாத்தியார் எனக்கு மாமா ஆனார். சொந்த மகளைப் போல என்னை நடத்தினார், அதுதான் இன்னும் கரைச்சல். வருடத்துக்கு ஒன்றிரண்டு தரம் உரும்பிராய்க்கு வருவார். அவர் வருகிற நாட்களில் அம்மான் ஊரவர் ஒருவரையும் கிட்ட அண்டவிடாமல் வாசல் படலையிலேயே காவல் நிற்பார். மாமா வந்து இருந்ததும் பழைய வழக்கு தொடங்கும். சவாரி ஒன்றும் தெரியாது என்ற ஐயா, மாமாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் போல மெல்ல மெல்ல வாய் திறக்கப் பழகியிருந்தார். ஆனால் பேசுவது எப்போதும் எதிர்ப்பக்கம்.

"உங்கடை சிவலைச் சோடிக்காரர் என்ன பெரிய ஆள்? அரியாலைக் கறுவல் மாட்டுக்காரர்தான் ஆள். உங்கடை ஆளுக்கு மாடு நல்லாய் வாய்ச்சுது, அவ்வளவுதான்."

"செத்த மனுசனைக் குறைச்சுக் கதையாதேங்கோ சம்பந்தி," என்று மாமா கோபிப்பார்.

ஐயா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. கறிக்கு உப்புப் பார்க்கிற சாட்டில் உள்ளே போய்விடுவேன். என் கணவருக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை. ஒரு பொய்யை அவிழ்த்தால் கலியாணமே பொய்யில் கட்டியது என்று ஆகிவிடுமோ என்ற பயம். நாளாக நாளாக, இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்பதே புதிய வெட்கமாகிவிட்டது.

ஐயா ஒரு மாரிகாலத்தில் காய்ச்சலில் போனார். செத்த வீட்டுக்கு மாமா விடியவே வந்து பிரேதத்தின் அருகில் இருந்தார். பறை அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அம்மானால் படலையைக் காக்க முடியவில்லை. செத்த வீட்டுக்கு வருகிறவனை யார் மறிப்பது? பல ஊர்களிலிருந்தும் சவாரிக்காரர் வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் கறுத்து மெலிந்த ஒரு கிழவர் துவரங்கம்பு ஒன்றோடு வந்தார். அதை ஐயாவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் குரலெடுத்து அழுதார்.

"சிவலைச் சோடிக்காரா, கடைசி வரைக்கும் உன்னை முந்தேலாமல் போச்சேடா. என்ரை கறுவலுகளாலை ஏலாமல் போச்சேடா."

மாமா நிமிர்ந்து அந்தக் கிழவரைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். பெண்களுக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, அண்டைக்குக் கோப்பி கொண்டு வந்தது நீதானே?"

"ஓம் மாமா."

"உனக்குத் தெரியும்."

"ஓம் மாமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பக்கத்திலை இருந்தவரல்லோ," என்று மட்டும் சொன்னார். "இவ்வளவு காலமும் எனக்குப் பக்கத்திலைதானே இருந்தவர்."

திரும்பிப் போய் ஐயாவின் அருகில் குந்தினார். சால்வையை விலக்கி வலக்கையைத் தேடினார். கோணல் விரலைக் கண்டதும் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். என்னைச் சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரி சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த இடத்தில் வாய்விட்டு அழ எனக்கு முகம் இருக்கவில்லை.