பெரட்டுக்குப் பட்டப்படிப்பு

மலேசியாவில் செமோர் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகம் நிற்கிறது. முதலில் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில், கணக்கியலும் வணிகமும் மட்டும் சொல்லிக்கொடுத்து ஆரம்பித்தார்கள். பிறகுதான் பால் மரங்களைச் சாய்த்துக் கட்டடம் எழுப்பினார்கள். பொறியியல் வந்தது, தாதியர் படிப்பும் வந்தது. என் மகளுக்குத் தாதியர் படிப்புதான் என்று நானே முடிவு கட்டி, பள்ளிக்கூடக் கேண்டீனில் என்னோடு சமைக்கிற எல்லாரிடமும் சொல்லியும்விட்டேன்.

அங்கிருந்து இடம் தருவதாக வந்த கடிதத்தில் வேறு என்னவோ இருந்தது. தோட்ட நிர்வாகப் படிப்பாம். அந்த வருஷம்தான் புதிதாகத் தொடங்குகிறார்களாம். இவளே மனுவில் அதை முதலாவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள், என்னிடம் மூச்சு விடவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, வரிசையில் நின்று பேர் கொடுத்து, மரத்துக்கு மரம் அலைந்த குடும்பம் நாங்கள். அதிலிருந்து எங்களை வெளியே கொண்டுவர எங்கம்மா பட்ட பாடு கொஞ்சமா? போயும் போயும் இவள் திரும்பிப் போகிறேன் என்கிறாள்.

"பெரட்டுல நிக்கிறதுக்கு எதுக்குடி பட்டப்படிப்பு? நான் பன்னெண்டு வயசுலயே நின்னவ," என்றேன்.

"நிக்கிறதுக்கு இல்லம்மா..." என்று ஏதோ சொல்ல வந்தாள். கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் இடம் கிடைக்காது. கடைசி நாள் காலையில், படிப்பை மாற்றிவிடலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். நான் மசியவில்லை.

பதிவு முகப்பில் இருந்த தம்பி பொறுமைசாலி. படிப்பை மாற்றுவதற்கான விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்தான்.

"மாத்தலாம் அக்கா, தாதியர் படிப்புல இடம் இருக்கு. ஆனா ஏன் மாத்துறீங்க லா?"

"இதைப் படிச்சா என்ன வேலை? பால் வெட்டவா?"

சிரித்துவிட்டான். "இல்லக்கா. தோட்டத்துல அசிஸ்டென்ட் மேனேஜர். அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க சின்ன தொரைன்னு சொல்வாங்களே, அது."

எங்கள் தோட்டத்துச் சின்ன துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால், அம்மா செருப்பைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு சேற்றில் நிற்பாள். பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன். அந்த இடத்துக்கு என் பிள்ளை போகலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

"இப்ப தோட்டத்துல யாருடி வேலை செய்யிறா?" என்று மகளைக் கேட்டேன்.

"பங்களாதேஷ் ஆளுங்கம்மா."

"அவங்களும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவங்கதான். உன் முன்னால ஒருத்தரும் செருப்பைக் கழட்டக் கூடாது. சொல்லிட்டேன்."

"கழட்ட விட மாட்டேம்மா," என்றாள்.

தம்பியிடம் பேனாவை வாங்கி, அவள் கொண்டுவந்த தோட்ட நிர்வாகப் பாரத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.