மஞ்சள் கோட்டுக்கு வெளியே

என் அக்காவின் கணவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'சிக்னல்'. நோயாளி இல்லாமல் வெறும் வண்டியோடு திரும்பும்போது, ஈ காக்கை இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிடுவார். பின்னால் வருபவன் ஹாரன் அடித்துத் திட்டினாலும் அசையமாட்டார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு சினிமாவுக்குக்கூட நேரத்துக்குப் போக முடியவில்லை என்று அக்கா சிரிப்பாள். யாராவது ஒன்றை விதி என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்கு அது வேதவாக்கு.

அந்தக் குணத்தை வைத்தே அவர் தலையில் கல்லைப் போட்டான் ஒருவன். அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. மரியாதையாக 'போட்டார்' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவசரப் பிரிவின் கதவைத் தாண்டி வரும் எந்த நோயாளியையும் நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துப் படுக்கை கொடுக்க வேண்டும் என்று அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சொன்னபடி செய்யும் ஆஸ்பத்திரிக்கு ஊக்கத்தொகை, தவறினால் மானியத்தில் வெட்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே அரசு, அதே வருடம், சிக்கனம் என்று சொல்லி நர்சுகளைக் குறைத்தது. நர்சு இல்லாத வார்டுகளைப் பூட்டியது. வேகமாக ஓடு என்று சொல்லிக்கொண்டே காலைக் கட்டினார்கள்.

முதுகெலும்பு உள்ளவனாக இருந்தால் மேலிடத்தில் போய்ச் சண்டை போட்டிருப்பான். இவன் பெயிண்ட் வாங்கினான். அவசரப் பிரிவுக் கதவுக்கு எதிரே, முற்றத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு போடச் சொன்னான். உள்ளே இடம் காலியாகும்வரை ஆம்புலன்ஸ்கள் கோட்டுக்கு வெளியே வரிசையில் நிற்க வேண்டும். நோயாளி வண்டிக்குள்ளேயே கிடக்க வேண்டும். கதவைத் தாண்டாதவர் ஆஸ்பத்திரிக்கு வந்தவரே இல்லை. அவருக்காகக் கடிகாரம் ஓடாது. அந்த வருடம் ஊக்கத்தொகை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவனை மேடையேற்றிக் கைதட்டினார்கள்.

நான் அதே ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறேன். தொட்டிக்கு மேலே உள்ள ஜன்னலில் முற்றம் தெரியும். ஒருநாள் மதியம் அத்தானின் வண்டி வரிசையின் கடைசியில் வந்து நின்றது. வழக்கம்தானே என்று நான் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே படுத்திருந்தது அக்கா என்று எனக்குத் தெரியாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, அவளுக்கு வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் கதவுக்கும் வண்டிக்கும் ஓடி ஓடிக் கேட்டிருக்கிறார். உங்கள் முறை வரட்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். முறை வந்தபோது அந்தக் கை சில்லிட்டுப் போயிருந்தது.

எல்லாக் காரியமும் முடிந்து வீடு காலியான பிறகு, மனசு தாங்காமல் அவரிடம் கேட்டுவிட்டேன்.

"கோடாவது மண்ணாவதுன்னு உள்ள போயிருக்கக் கூடாதா அத்தான்?"

அவர் சில நாள் கழித்து, அந்த அதிகாரி குடியிருக்கும் பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டிலிருந்து வெகுதூரம், சம்பளமும் அதேதான். எதற்கு இந்த வீண் அலைச்சல் என்று கேட்டேன்.

"அவன் வீட்டுக்கும் ஒருநாள் வண்டி வேணுமில்ல" என்றார்.

அக்கா போனபிறகு அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

காத்திருப்பு லேசுப்பட்டதாக இல்லை. அந்தப் பாவி உடம்பைப் பொன்னாகப் பார்த்துக்கொண்டான். காலையில் நடை, மாலையில் பழம், சர்க்கரையைத் தொடுவதில்லை. ஷிப்ட் முடிந்து வரும் அத்தான், மழை பொய்த்த விவசாயி மாதிரி சலித்துக்கொள்வார். இன்றைக்கும் நல்லாத்தான் நடக்கிறான், ஒரு இருமல்கூட இல்லை என்பார். நாளைக்குப் பார்க்கலாம் அத்தான் என்று நான் தேற்றுவேன். அவன் நெஞ்சு அடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கடைசியில் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஆனால் அவனுக்கு இல்லை, அவன் மனைவிக்கு. மூச்சு விட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வண்டியில் இருந்த நர்சு ஆக்சிஜனை மாட்டினாள். அன்றைக்கு ஓட்டியதுபோல் தன் வாழ்நாளில் ஓட்டியதில்லை என்று அத்தான் பிறகு சொன்னார். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கொண்டுவந்தாராம். முற்றத்தில் ஏற்கெனவே மூன்று வண்டிகள் நின்றன. அத்தான் அவற்றின் பின்னால் நிறுத்தி இறங்கினார்.

ஜன்னலில் பார்த்த நான் ஈரக் கையோடு வெளியே ஓடினேன். அதற்குள் அவன் போன் போட்டிருந்தான். இத்தனை நாள் திறக்காத கதவு படாரென்று திறந்து, இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். அத்தான் வண்டியின் பின்கதவைப் பூட்டி, அதில் முதுகைச் சாய்த்து, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றார். முன்னால் இருக்கும் மூன்று பேரையும் முதலில் இறக்குங்கள், அப்புறம் அம்மாவை இறக்கலாம் என்றார். உள்ளே இடமில்லை என்பது உனக்குத் தெரியாதா என்று அவன் உள்ளிருந்தபடியே கத்தினான்.

"அம்மாவுக்கு மட்டும் எங்கிருந்து சார் இடம் வந்துது?"

அப்போதுதான் அவன் ஜன்னல் வழியாக அத்தானின் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கோட்டுக்கு வெளியே மனைவியைப் பறிகொடுத்த டிரைவர் என்று தெரிந்துவிட்டது.

"இது பழி வாங்கற நேரமாய்யா?"

"ஆமா சார். இதுக்குத்தான் இந்த ஏரியாவுக்கே வந்தேன்."

உள்ளே அந்த அம்மாள் மூச்சுக்குத் தவித்தது எனக்குக் கேட்டது. அவள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. இருந்தாலும், போகட்டும், இவனும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும் என்றுதான் நான் நினைத்தேன். திறக்காதீங்க அத்தான் என்று என் வாய் முணுமுணுத்தது.

எல்லாரையும் உள்ளே கொண்டு போங்கள் என்று அதிகாரி அலறினான். மூன்று வண்டிகளும் காலியாயின. படுக்கை இல்லாமல் நடைபாதையில் பெஞ்சிலும் தரையிலும் படுக்க வைத்தார்கள். கடைசி ஆள் கதவைத் தாண்டியதும் அத்தான் பூட்டைத் திறந்தார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். எனக்கு ஏமாற்றம்தான், பொய் சொல்ல வரவில்லை.

அவன் அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பித்திருப்பான். ஆத்திரம் கண்ணை மறைத்தது. அத்தான் மேல் புகார் கொடுத்தான். விசாரணையில் அத்தான் எதையும் மறுக்கவில்லை. என்ன குற்றம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும், மறுபேச்சில்லாமல் போய்விடுகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தார்கள். வாசகம் அந்த அதிகாரியே சொல்லச் சொல்ல எழுதியது: மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிட்ட நோயாளியை முற்றத்தில் காக்க வைத்துச் சிகிச்சையைத் தாமதப்படுத்தியதற்காகப் பணிநீக்கம்.

வேலையும் போச்சே என்று நான் அழுதேன். தொழிற்சங்க வக்கீலிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார். அத்தான் சொன்னதும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"முற்றத்துக்கு வந்தாலே ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்ப இத்தனை வருஷமா கோட்டுக்கு வெளிய நின்ன எல்லாருக்கும் கடிகாரம் ஓடியிருக்கணுமே."

தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள். வழக்குப் போட்டோம். அதிகாரியின் மனைவி வந்து சேர்ந்தவள் என்றால் மற்றவர்கள் ஏன் இல்லை என்று நீதிபதி ஆஸ்பத்திரி வக்கீலைக் கேட்டார். அத்தானை மறுபடி வேலையில் சேர்க்க உத்தரவாகவில்லை. நோயாளியை நிறுத்தியது குற்றம்தான் என்றார்கள். ஆனால் மஞ்சள் கோட்டை அழிக்கச் சொன்னார்கள். எங்கள் கண்ணீருக்கு அசையாத அரசு, ஊக்கத்தொகை ஏமாற்றி வாங்கப்பட்டது என்றதும் துள்ளி எழுந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டது. அந்த அதிகாரியைப் பதவியிலிருந்து தூக்கி, மோசடி வழக்கும் போட்டது. அந்தச் செய்தி வந்த அன்று நான் சமையல்கூடத்தில் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

அந்த மோசடி வழக்கில் நாங்கள் சாட்சி சொல்லப் போன நாளில், கோர்ட்டு வாசலில் அவன் எங்களிடம் வந்தான். ஆள் பாதியாகிப் போயிருந்தான்.

"வேலை போச்சு, பேரு போச்சு, தெருவுல தலைகாட்ட முடியல. இப்ப உனக்குத் திருப்தியா?"

அத்தான் சாதாரணமாக விசாரிப்பவரைப் போலக் கேட்டார்.

"வீட்ல அம்மா எப்படி இருக்காங்க சார்?"

"நல்லா இருக்கா."

"அப்புறம் எனக்கு எப்படி சார் திருப்தி வரும்?"

பஸ் வந்துவிடும், வா என்று அத்தான் என்னைக் கூப்பிட்டார்.