பல் டாக்டரின் காருக்கு எந்தப் பெட்ரோல்

அரசு எரிபொருள் ஆய்வகத்தின் பின்பக்க அறையில் ஒரு எஞ்சின் இருக்கிறது. அது எந்த வண்டியையும் இழுப்பதில்லை. சிமெண்டு மேடையில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே சிலிண்டர், ஆள் மார்பு உயரம். ஊற்றிய பெட்ரோலைக் குடித்துவிட்டு, அது தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் அதன் பிழைப்பு. அந்த எஞ்சினோடு இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவளை ஆய்வகத்தில் காதம்மா என்று கூப்பிடுவார்கள்.

காரணப் பெயர்தான். சிலிண்டருக்குள் பொறி பட்ட பிறகுதான் பெட்ரோல் எரிய வேண்டும். நெருக்குதல் தாங்காமல் முந்திக்கொண்டு தானாக வெடித்தால் உள்ளே ஒரு தட்டல் கேட்கும், தகர டப்பாவில் குண்டூசிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல. காதம்மா ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருக்குதலைக் கூட்டிக்கொண்டே போவாள். எங்கே தட்ட ஆரம்பிக்கிறது என்பதை வைத்து அந்தப் பெட்ரோலுக்கு ஓர் எண் கிடைக்கும். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு. எண் கூடினால் தாங்கும் சக்தி கூடுதல், அவ்வளவுதான். தட்டலை அளக்க முள் வைத்த மீட்டர் உண்டு. ஆனால் முள் அசைவதற்கு முன்பே காதம்மாவின் புருவம் அசைந்துவிடும்.

இதெல்லாம் ஆய்வகத்துக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரியாது. யாராவது விசாரித்தால் மாமனார், "மருமக பெட்ரோல் பங்க்ல வேலை பார்க்குது. கவர்மெண்ட் பங்க்" என்பார். அவள் முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தாள், மூன்றாவது வருஷம் விட்டுவிட்டாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். மனைவியின் வேலை என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்டதில்லை, கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

காதம்மாவின் தங்கை வீட்டுக்காரர் பல் டாக்டர். நாற்பத்தைந்து வயது வரைக்கும் ஒழுங்காக இருந்த மனிதர், திடீரென்று ஒருநாள் இரண்டே இருக்கை உள்ள கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இருபத்தைந்து வருஷப் பழசு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஏறுவதென்றால் முதலில் குனிய வேண்டும், பிறகு உட்கார வேண்டும், கடைசியில் காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கை முதல்முறை ஏறி இறங்கிவிட்டு, "இதுக்கு நீங்க ஒரு நாற்காலி வாங்கித் தரையில போட்டிருக்கலாம்" என்றாள்.

டாக்டருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவருக்கு ஒரே கவலை, இதற்கு எந்தப் பெட்ரோல் நல்லது என்பது. பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த சீட்டில் ஒன்பது மட்டும் தெரிந்தது. அடுத்த இலக்கம் தேய்ந்து போயிருந்தது. அதைப் பார்த்து டாக்டர் தொண்ணூற்றொன்று என்றார். மெக்கானிக் பார்த்துவிட்டுத் தொண்ணூற்றெட்டு என்று சத்தியம் பண்ணினான். சந்தேகத்தோடு டாக்டர் ஊரையே கேட்டார். கிளினிக்கில் வாயைத் திறந்து படுத்திருக்கிறவர்களையும் விடவில்லை. "ஸ்டேடியம் பக்கத்துல புதுசா ஒரு பங்க் திறந்திருக்கே, தங்கக் கலர்ல பைப் வெச்சு சூப்பர் பெட்ரோல்னு போடறானே, அது நல்லதுதானே?" என்பார். வாயில் ட்ரில் இருக்கிறவர் "ஆ" என்பார். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்.

அந்தப் பங்க் பளபளவென்று இருக்கும். கண்ணாடிக் கதவு, காபி மெஷின், குளுகுளு அறை. வாரா வாரம் டாக்டர் அங்கேதான் நிரப்பினார். கார் சமதரையில் ராஜா மாதிரி போயிற்று. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறும்போது மட்டும் உள்ளே ஏதோ கலகலத்தது. மெக்கானிக் ஒரு சின்ன பாட்டில் மருந்து விற்றான், பெட்ரோலில் கலந்து ஊற்றச் சொல்லி. அதை ஊற்றியும் கலகலத்தது. இன்னொரு பாட்டில் விற்றான்.

எந்தப் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எண் கையில் இல்லாமல் வாய் திறப்பது அவள் வழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு மறுபடியும் காருக்குப் போயிற்று. காதம்மா, "ஒருதடவை அந்தச் சத்தத்தைக் கேட்டா..." என்று ஆரம்பித்தாள். தங்கை சிரித்துக்கொண்டே, "அக்காவைக் கூட்டிட்டுப் போனா கண்ணாடி தொடச்சு, டயருக்குக் காத்து அடிச்சு விடுவா" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள், மாமனார் கொஞ்சம் கூடுதலாகவே. காதம்மாவும் சிரித்தாள். ஆனால் தட்டில் இருந்ததை அவள் முடிக்கவில்லை. அதை அவள் கணவர், கண்ணாடிக்காரர், கவனித்தார். கை கழுவிவிட்டு வந்தவர் டாக்டரிடம், "சகலை, இவளை ஒருதடவை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்றார். அவர் வாய் திறந்து ஒன்று கேட்பதே அபூர்வம். டாக்டர் மறுக்கவில்லை.

மேட்டின் இரண்டாவது வளைவிலேயே காதம்மாவின் புருவம் அசைந்தது.

"தட்டுது" என்றாள்.

"ஏதோ நட்டு லூசு, அண்ணி."

"நட்டு இல்ல தம்பி. பெட்ரோல் தாங்கல. இது பழைய எஞ்சின். இப்ப வர்ற வண்டி மாதிரி தன்னைத்தானே சரிபண்ணிக்கத் தெரியாது. இப்படியே ஓட்டினா பிஸ்டன் போயிடும்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. "இருக்கறதுலயே விலை கூடினதைத்தான் போடறேன்."

"விலை கூடினதுதான். எஞ்சினைச் சுத்தம் பண்ற மருந்து கலந்திருக்கான், அது நல்ல மருந்துதான். பைப்புக்குக் கீழே சின்னதா ஒரு எண் ஒட்டியிருப்பான், பார்த்தீங்களா? தொண்ணூத்தொண்ணு. பக்கத்துல சாதா பெட்ரோலுக்கும் அதே தொண்ணூத்தொண்ணுதான்."

"அப்போ எதைப் போடறது?"

"குடோன் தெருவுல லாரியெல்லாம் நிக்குமே, அந்த பங்க்ல தொண்ணூத்தஞ்சு இருக்கு."

டாக்டர் காரைத் திருப்பினார். குடோன் தெரு பங்க்கைப் பார்த்தால் பெட்ரோல் விற்கும் இடம் மாதிரியே இருக்காது. ஒரே புழுதி. பைப்பில் யாரோ துணி சுற்றி வைத்திருப்பார்கள். அவருடைய கரும்பச்சை அழகியை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதா? கடைசியில், "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. காதால கேட்டுப் பெட்ரோல் எண்ணைச் சொல்றது நம்பற மாதிரி இல்ல" என்றார்.

"நம்ப வேண்டாம். சோதிச்சுப் பாருங்க" என்றாள் காதம்மா. கோபமாகச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் சந்தேகப்படுகிறவர்களிடம் சொல்லும் அதே வாக்கியம்.

அடுத்த ஞாயிறு காலை மேட்டின் அடிவாரத்தில் மெக்கானிக்கின் கொட்டகையில் கூடினார்கள். ஏற்பாடு எளிமையானது. டேங்க்கைக் காலி செய்வது, ஐந்து லிட்டர் ஊற்றுவது, மேட்டில் ஏறி இறங்குவது. இரண்டு கேன். ஒன்றில் தங்கப் பைப்பு பெட்ரோல், மற்றதில் குடோன் தெருப் பெட்ரோல். எதை எப்போது ஊற்றுவது என்பது கண்ணாடிக்காரர் பொறுப்பு. அவர் மட்டும் பார்த்து ஊற்றி, ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஊற்றும்போது காதம்மாவும் டாக்டரும் மெக்கானிக்கும் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த தங்கை, "மோந்து பார்த்துக் கண்டுபிடிச்சிடப் போறா" என்று அக்காவை இன்னும் பத்தடி தள்ளி நிறுத்தினாள்.

முதல் ஓட்டம். அதே இரண்டாவது வளைவு. "தட்டுது. இது தொண்ணூத்தொண்ணு" என்றாள் காதம்மா. இது யாருக்கும் அடிக்கிற குருட்டு அதிர்ஷ்டம் என்பதுபோல் டாக்டர் முகத்தை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது ஓட்டத்தில் மேடு முழுக்க ஏறி, தொட்டியைச் சுற்றி, திரும்பி வந்தார்கள். கியரை மாற்றாமல் வேண்டுமென்றே திணறடித்து ஓட்டச் சொன்னாள். எஞ்சின் முனகியதே தவிர தட்டவில்லை. "இது தொண்ணூத்தஞ்சு. இந்த வண்டிக்கு இது போதும்."

மூன்றாவது முறை டாக்டர் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். இரண்டாவது வளைவு தாண்டியது. புருவம் அசையவில்லை. மூன்றாவது வளைவும் தாண்டியது. தொட்டிக்கு முன்னால் வரும் செங்குத்தான இடத்தில் அவள் தலையைச் சாய்த்தாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். மறுபடியும் கீழே போய் அந்த இடத்தில் ஏறச் சொன்னாள்.

கொட்டகைக்கு வந்து இறங்கியதும் நேராகக் கணவரிடம் போனாள். முதல்முறையாக அவள் குரலில் ஒரு தயக்கம். "இது ரெண்டும் இல்லியேங்க. தட்டுது, ஆனா லேசா, கடைசி ஏத்தத்துல மட்டும். ரெண்டையும் கலந்து ஊத்தினீங்களா?"

கண்ணாடிக்காரர் சீட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். முதல் வரியில் 91, இரண்டாவதில் 95. மூன்றாவது வரியில் 'பாதி, பாதி' என்று எழுதியிருந்தது.

டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார். மெக்கானிக் வாங்கிப் படித்தான். தங்கை மட்டும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து டாக்டர் கேட்டார், "அண்ணி, நீங்க உண்மையில என்ன வேலைதான் பார்க்கறீங்க?"

கொட்டகையில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து அவள் சொன்னாள். எஞ்சின், கைப்பிடி, முள், சீல் வைத்து வரும் கேன்கள், ஊரில் எந்தப் பங்க்கும் அவள் கையெழுத்துக்குத் தப்ப முடியாது என்பது. சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு இருக்கிறதா என்று. மெக்கானிக் பாட்டில் மருந்துகள் இருந்த அலமாரிப் பக்கம் போய் அதன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் தங்கை அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். காதடைப்பான் மாட்டிக்கொண்டு அந்த ஒற்றைச் சிலிண்டரின் முன் நின்றாள். காதம்மா கைப்பிடியைச் சுற்றினாள். "இப்ப கேக்குதா?" என்று சைகை காட்டினாள். தங்கை அடைப்பானைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். வெளியே வந்ததும், "எனக்கு ஒரு எழவும் கேக்கல. எல்லாம் ஒரே டமடமதான்" என்றாள். பிறகு, "அன்னிக்கு டயருக்குக் காத்து அடிப்பான்னு சொன்னேன்ல" என்று ஆரம்பித்தாள்.

"காத்தும் அடிப்பேன்" என்றாள் காதம்மா. "வா, கேண்டீன்ல டீ நல்லா இருக்கும்."

டாக்டர் குடோன் தெருவுக்கு மாறினார். லாரிகளுக்கு நடுவே வரிசையில் நிற்கப் பழகிக்கொண்டார். ஆனால் மனிதருக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் அதை விளிம்புவரை கொண்டுபோகாமல் தூக்கம் வராது. தொண்ணூற்றைந்தே இப்படி என்றால் நூற்றிரண்டு எப்படி இருக்கும்? பந்தய மைதானத்தில் வேலை பார்க்கும் நோயாளி ஒருவரைப் பிடித்து, ஒரு ரூட் கெனால் சிகிச்சைக்கு ஆகிற பணத்துக்கு இருபது லிட்டர் வாங்கி வந்தார். ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு அன்று மாலையே போன் செய்தார்.

"அண்ணி, ஒரு வித்தியாசமும் தெரியலையே."

"தெரியாது தம்பி. உங்க செருப்பு அளவு என்ன?"

"எட்டு."

"பத்து வாங்கிப் போட்டா வேகமா ஓடுவீங்களா?"

"மிச்சம் பதினெட்டு லிட்டர் இருக்கே" என்றார் டாக்டர்.

"கலந்து கலந்து தீர்த்துடுங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்குத்தான் வயிறு எரியும்."

அதற்குப் பிறகு அவர் எண்ணைப் பற்றிப் பேசவில்லை. கார் தட்டாமல் ஏறியது, இறங்கியது. வெயில் குறைந்த ஒரு ஞாயிறு காலை காதம்மா வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை நீட்டினார்.

"நீங்க ஓட்டிப் பார்க்கவே இல்லையே அண்ணி."

அவளுக்கு ஓட்டத் தெரியும். மாதிரி எடுக்க ஆய்வகத்து ஜீப்பை ஊர் முழுக்க ஓட்டியவள். ஆனால் வேலையில்லாமல், எங்கும் போக வேண்டியதில்லாமல், ஓட்டுவதற்காகவே ஓட்டியதில்லை. குனிந்து, உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டாள். தெருமுனை வரை பழக்கதோஷத்தில் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டு போனாள். மேட்டில் இரண்டாவது வளைவில் காது கூர்மையானது. ஒன்றுமில்லை. மூன்றாவது வளைவில் ஒன்றுமில்லை. செங்குத்தில் எஞ்சின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரே சீராக உறுமியது. கேட்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். காற்று தலைமுடியைக் கலைத்தது. தொட்டியைச் சுற்றும்போது கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. கூரைகள், ஸ்டேடியம், குடோன்களின் தகரம். இவ்வளவு முறை வந்தும் அவள் இதைப் பார்த்ததில்லை. டாக்டரோடு வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அல்லவா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனவள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். வாசலில் கண்ணாடிக்காரரும் டாக்டரும் தங்கையும் நின்றிருந்தார்கள்.

"என்ன அண்ணி, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?"

"இல்ல தம்பி, பாதிக்கு மேல இருக்கு" என்றாள். எஞ்சினை நிறுத்தவில்லை. பக்கத்து இருக்கையின் கதவைச் சாய்ந்து திறந்துவிட்டு, தங்கையைப் பார்த்து, "ஏறுடி" என்றாள்.