பன்னிரண்டு பூவாளிகள்

ராயபுரத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நான் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவனாக இருந்தேன். அங்கே கணக்குப் பிரிவில் ஒரு தலைமைக் குமாஸ்தா இருந்தார். ஒல்லியான உடம்பு. எழுதி முடித்ததும் பேனா முள்ளைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். நரைத்த இடமெல்லாம் மைக்கறை.

ஐம்பதுகளில் ஒரு மார்ச் மாதக் கடைசி நாள். கட்டுத்துணி தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று வண்டியில் பன்னிரண்டு பூவாளிகள் வந்து இறங்கின. எங்கள் ஆஸ்பத்திரியில் தோட்டமே கிடையாது.

"துணிக்கு ஒதுக்கின பணம் தீந்துபோச்சுப்பா. தோட்டத்துக்கு ஒதுக்கினதுதான் மீதி. இன்னிக்குச் செலவு பண்ணலேன்னா திரும்பிப் போயிடும். அடுத்த வருஷம் அதையும் வெட்டிடுவாங்க" என்றார் குமாஸ்தா.

நங்கூரத்தில் கால் கிழிந்த புருஷனோடு உட்கார்ந்திருந்த காசிமேட்டு மீன்காரப் பெண் அதைக் கேட்டுவிட்டாள்.

"இன்னா நைனா, செடியே இல்லாத எடத்துல இத்தினி வாளி கீது, கட்டத் துணி இல்லியா?"

அவர் தன் வேட்டியின் ஓரத்தில் ஒரு முழம் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"கொதிக்க வெச்சுக் கட்டு."

கட்டினேன். தோட்டப் பணத்தைத் துணிக்கு மாற்ற அனுமதி கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் போடலாம் என்பது அவருக்குத் தெரியும். சொந்த வேட்டியைக் கிழித்தவர் அந்தக் கடிதத்தை ஏன் எழுதவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அடுத்த மார்ச்சில் எட்டு மண்வெட்டிகள் வந்தன.