சித்தி உருவிய செரிப்பூக்கள்

நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், ஆரா நகரத்தில் எங்கள் வாடகைத் தோட்டத்தில் நின்ற இளம் செரிமரம் சித்தப்பாவுக்கென்று பேசிவைத்தது. துன் நகரத்து ஹோட்டலொன்றில் சமையல் வேலை செய்த அவர், ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்துத் தனியாகத் திரும்பியிருந்தார். சித்திக்கு விசா கிடைத்ததும் தன் வீட்டு முற்றத்தில் இருவருமாக அதை நடவேண்டும் என்பது அவர் ஆசை.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "இலை கொட்டினாப்பிறகு, நிலம் உறையமுதல் கிளப்பு. இல்லாட்டிப் பங்குனியிலை, மொட்டு விடமுதல். மரம் நித்திரையிலை இருக்கேக்கைதான் தூக்கலாம்."

"கன்னிக்கால் ஊண்டேக்கை பனியோ வெயிலோ எண்டு ஆர் அண்ணை பாக்கிறது?" என்றார் சித்தப்பா.

கலியாணத்துக்குக் கன்னிக்காலாக ஊன்றும் முள்முருக்கங்கிளை ஊரில் எப்போது நட்டாலும் தழைத்துவிடும். செரியும் அப்படித்தான் என்று அந்த மனுஷன் நம்பியிருந்தார். இலையுதிர்காலம் போனது, பங்குனியும் போனது. சித்தி வந்திறங்கியபோது மரம் உச்சிவரை வெள்ளையாகப் பூத்து நின்றது. அப்படியே கிளப்பி, வேனில் ஏற்றித் துன்னுக்குக் கொண்டுபோய் நட்டார்கள்.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் அங்கே தங்கினேன். எந்தச் சப்பாத்து, எந்தப் பையில் குப்பை, பஸ்ஸில் எந்தப் பொத்தான் என்று ஆளாளுக்குச் சித்திக்கு வகுப்பெடுத்தோம். எட்டு வயதுக்காரி நானும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் "ஓம், சரி" என்பார். தண்ணீரைக்கூடக் கேட்டுத்தான் குடித்தார். வைபரில் தன் அம்மாவுடன் கதைக்கும்போது மட்டும் அழுவார். அப்போதெல்லாம் சித்தப்பா குசினிக்குள் போய்க் கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவுவார்.

சில நாளில் மரம் வாடித் தொங்கியது. சித்தப்பா வாளி வாளியாக ஊற்றியும் பலனில்லை. செத்துவிடும் என்று எனக்கே தெரிந்தது.

ஒருநாள் காலை சித்தி சித்தப்பாவின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார். யாரையும் கேட்கவில்லை. கொப்புக் கொப்பாகப் பிடித்துப் பூவையெல்லாம் உருவிப் போட்டார், நுனிகளைக் கத்தரித்தார்.

"சித்தப்பா, ஓடிவாங்கோ! சித்தி மரத்தை மொட்டையடிக்கிறா!"

சித்தப்பா ஓடிவந்து வாசலில் நின்றார்.

"முதல்லை வேர் பிடிக்கட்டும். பூவைப் பிறகு பாப்பம்," என்றார் சித்தி, திரும்பிப் பார்க்காமல். "அந்த வாளியை இஞ்சாலை கொண்டுவாங்கோ."

கொண்டுபோய்க் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு வந்த கோபத்தில் விடுமுறை முடியும்வரை சித்தியுடன் கதைக்கவேயில்லை. சித்தப்பா மனைவிக்குப் பயந்துவிட்டார் என்று அப்பாவிடம் கோள்மூட்டினேன். மரம் பிழைத்துக்கொண்டது.

மரம் தப்புமா என்பதுதான் அப்போது என் கவலை. சித்தி இங்கே நிற்பாரா, திரும்பிப் போய்விடுவாரா என்று சித்தப்பா பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் சித்தி முதன்முதலாக ஒரு வேலை ஏவியதைக் கேட்டுத்தான் அவர் அப்படிச் சிரித்தார் என்பதும் தெரியாது.